சீசன் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு விசாகா கமிட்டி உண்டா?

ஜூன் 14, 2025. பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

"என் அண்ணன் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். இந்த வருடம் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனிக்கு சீசன் வேலைக்குப் போகிறாள். கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் எங்கள் ஊர் மேஸ்திரிதான் வேனில் ஏற்றிப் போய், வேலை முடிந்ததும் கொண்டுவந்து விடுகிறார். முதலில் ராத்திரியில் போனுக்கு மெசேஜ் வந்தது. அப்புறம் வேனில் தன் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்று பிடிவாதம். போன வாரம் இறங்கும்போது இடுப்பில் கை வைத்திருக்கிறார். கம்பெனியில் போய்ச் சொன்னால், 'அந்தப் பொண்ணு எங்க ஆளே இல்லை, மேஸ்திரி ஆள், அவர்கிட்டயே பேசிக்கோங்க' என்கிறார்கள். விசாகா கமிட்டி எல்லாம் பெங்களூர் ஐ.டி. கம்பெனிக்குத்தான், தினக்கூலிக்குக் கிடையாது என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். நிஜமா?"

ஜூன் 14, இரவு

நிஜமில்லை. அந்த விவரம் தெரிந்தவரிடம் இனிமேல் வேறு எதையும் கேட்காதீர்கள்.

2013-ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைப் பற்றியது. அந்தப் புகாரை விசாரிக்க நிறுவனத்துக்குள் இருக்க வேண்டிய குழுதான் விசாகா கமிட்டி. அந்த வருடம் டிசம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஊழியர் என்றால் யார் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறார்கள்: நிரந்தரம், தற்காலிகம், தினக்கூலி, காண்ட்ராக்டர் மூலம் வந்தவர், பயிற்சிக்கு வந்தவர், சம்பளமே வாங்காமல் வேலை செய்பவர்கூட. முதலாளிக்குத் தெரியாமல் காண்ட்ராக்டர் ஆள் வைத்திருந்தாலும் அந்தப் பெண் ஊழியர்தான். "எங்க ஆளே இல்லை" என்று சொல்வதற்கு இடம் விடாமல்தான் எழுதியிருக்கிறார்கள்.

வேனும் சேர்த்திதான். வேலைக்குப் போய்வர முதலாளி தரப்பு ஏற்பாடு செய்யும் வண்டியும் பணியிடம் என்ற விளக்கத்துக்குள் வருகிறது.

கடைசியாக நடந்தது என்ன தேதி? அதை இன்று ராத்திரியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் புகார் எழுத்தில் போக வேண்டும்.

ஜூன் 15

காலையில் எழுந்ததும் முதல் யோசனை: பெண்ணின் வயதைக் கேட்கவில்லையே. பதினெட்டு முடிந்துவிட்டதா? முடியவில்லை என்றால் மேலே நான் எழுதியது எல்லாம் இரண்டாம் பட்சம். அது குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம். யார் தெரிந்துகொண்டாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் இருந்தால் அதுவே குற்றம். சீசனில் ஆள் பற்றாக்குறை வந்தால் ஆதாரில் வயதைப் பார்க்காமல் ஏற்றிக்கொண்டு வருகிற மேஸ்திரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 15, மதியம்

19 என்று பதில் வந்திருக்கிறது. சரி.

ஜூன் 16

நான் யார், எனக்கு இதில் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு கூழ் கம்பெனியில் பல வருடம் கணக்கு எழுதினேன். ஆடிட் வருகிறது, கமிட்டி லிஸ்ட் வேண்டும் என்று ஒரு நாள் ஒரு தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகுதான் நான் கமிட்டி மெம்பர் என்று தெரிந்தது.

சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் இந்த உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். இங்கே எல்லோர் வாயிலும் அது விசாகா கமிட்டிதான், நானும் அப்படியே சொல்கிறேன். தலைமைக்கு அந்த நிறுவனத்தின் மூத்த பொறுப்பில் இருக்கிற ஒரு பெண். ஊழியர்களில் குறைந்தது இரண்டு பேர். தொண்டு நிறுவனத்திலிருந்தோ, இந்த விஷயம் தெரிந்த இடத்திலிருந்தோ ஒரு வெளியாள். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். பதவிக்காலம் அதிகபட்சம் 3 வருடம். இவர்கள் பெயரெல்லாம் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்ட வேண்டும்.

எங்கள் கம்பெனியிலும் ஒட்டியிருந்தார்கள். மேனேஜர் ரூம் கதவுக்கு உள்பக்கம், இங்கிலீஷில். கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்தால்தான் தெரியும். அதில் தலைவர் என்று பெயர் போட்டிருந்த அம்மா வேலையை விட்டுப் போய் வெகு காலமாகியிருந்தது. ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் பாதிப் பேர் தெலுங்கு, சிலர் கன்னடம், மிச்சம் தமிழ். இப்போது ஒடியாவும் இந்தியும் சேர்ந்துவிட்டது. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் மேனேஜர் ஒருவர்தான். அவருக்குத்தான் அந்த நோட்டீஸ் போலிருக்கிறது.

ஜூன் 16, இரவு

"தொட்டால்தான் கேஸ் நிற்கும், மெசேஜ் எல்லாம் நிற்காது" என்று ஒரு பின்னூட்டம். இதை இரண்டு பேர் ஆமோதித்தும் இருக்கிறார்கள்.

தொடுவது, நெருங்க முயல்வது ஒரு வகை. உடன்படச் சொல்லிக் கேட்பது ஒரு வகை. ஆபாசப் பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது தனித்தனி வகை. அப்புறம், பெண் விரும்பாத பாலியல் தன்மையுள்ள வேறு எந்தச் செயலும், வாயால் சொன்னதோ ஜாடையோ எதுவானாலும், சட்டத்துக்குள் வரும். தொடாமலே துன்புறுத்த முடியும் என்று 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏற்றுமதிக் கழகம் ஒன்றில் மேலதிகாரி டைப்பிஸ்ட் பெண்ணிடம் நடந்துகொண்ட வழக்கு அது. தொட முயன்றார், தொட்டது நிரூபணமாகவில்லை என்று சொல்லி உயர் நீதிமன்றம் அவரை வேலையில் சேர்க்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

இந்த வருடம் ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு வழக்கில், செய்தவர் என்ன நினைத்துச் செய்தார் என்பதைவிட அந்தப் பெண்ணுக்கு அது எப்படிப் பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. "நான் தங்கச்சி மாதிரி நினைச்சுத்தான்" என்று ஆரம்பிக்கிறவர்கள் அந்தத் தீர்ப்பைத் தேடிப் படிக்கலாம்.

மெசேஜ்களை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பெண்கள் முதலில் செய்வது அதைத்தான், அண்ணன் பார்த்துவிடுவான், அப்பா பார்த்துவிடுவார் என்று. நம்பரும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வைக்கட்டும். போனை மாற்றவும் வேண்டாம்.

ஜூன் 19

மூன்று மாதம் என்று முதல் நாளே சொன்னேன். அதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்கள் பக்கத்து வேலைக்கும் இந்தக் கணக்குக்கும் ஒத்தே வராது.

மாங்கூழ் சீசன் என்பதே மூன்று மாதத்துச் சொச்சம்தான். அல்போன்சாவில் ஆரம்பித்து, பெங்களூரா ரக மாங்காய் வந்ததும் ராத்திரி பகலாக ஓடும். ஆடி தாண்டினால் ஷெட் காலி. இந்த வருடம் பெங்களூரா விலை தரையில் கிடக்கிறது, தோட்டக்காரர்கள் வயிறு எரிகிறார்கள், அது வேறு கதை. சம்பளம் மேஸ்திரி கையில். முன்பணமும் அவர் கொடுத்ததுதான். பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் வாங்கிய முன்பணத்தைச் சீசன் முழுக்கக் கழித்துக்கொண்டே வருவார். கடைசிக் கணக்கு முடிகிறவரை ஒரு பெண்ணும் வாயைத் திறக்க மாட்டாள். கணக்கு முடிந்து கையில் காசு வந்து, வீட்டில் பேசி, அம்மா அழுது, மாமா வந்து பஞ்சாயத்துப் பேசி முடிப்பதற்குள் மூன்று மாதம் ஓடிவிடும். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் கார்த்திகையில் வந்தவர்கள்.

தொடர்ந்து நடந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், முதல் நாளிலிருந்து இல்லை. அது போக, ஏன் தாமதம் என்று காரணம் சொன்னால் குழு இன்னொரு 3 மாதம் வரை நீட்டிக் கொடுக்கலாம். காரணத்தைக் குழு எழுத்தில் பதிய வேண்டும். "கூலி அவர் கையில் இருந்தது, கொடுக்க மாட்டாரோ என்று பயந்தேன்" என்பது கேவலமான காரணம் இல்லை, எழுதலாம். உண்மையில் அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதற்காகக் காத்திருக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நீட்டிப்பது குழுவின் விருப்பம், உரிமை இல்லை.

ஜூன் 20

"புகார் எழுதத் தெரியாது" என்கிறீர்கள். உங்கள் பெண் பிளஸ் டூ படித்தவள், அவளுக்குத் தெரியும். எழுத வராதவர் என்றால் குழுதான் எழுதிக்கொள்ள உதவ வேண்டும், அதுவும் சட்டத்திலேயே இருக்கிறது.

எழுதத் தெரியாதது பெரிய சிக்கல் இல்லை. அந்த வார்த்தையை எழுத முடியாததுதான் சிக்கல். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஒரு பெண் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, "அசிங்கமாப் பேசினாருன்னு போடுங்கக்கா" என்றாள். என்ன பேசினார்? "அசிங்கமாத்தான்." மறுபடி கேட்டால் முந்தானையைத் திருகிக்கொண்டு சுவரைப் பார்க்கிறாள். "அதை என் வாயால எப்படிக்கா சொல்றது, நீங்களே புரிஞ்சுக்கோங்க." எனக்குப் புரிந்தது. ஆனால் நான் புரிந்துகொண்டதைத் தாளில் எழுத முடியாதே. கடைசியில் கணக்கு நோட்டைக் கிழித்து அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் டீ வாங்கி வந்தேன். வரும்போது எழுதி, எட்டாய் மடித்து வைத்திருந்தாள். அந்தத் தாள்தான் பிறகு விசாரணையில் நின்றது.

"தவறாக நடந்துகொண்டார்" என்ற வரி எதிராளிக்கு வசதி. நான் எதுவும் தவறாக நடக்கவில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். என்ன தேதி, எத்தனை மணி இருக்கும், வேன் எங்கே நின்றது, அவர் சொன்ன வார்த்தை அப்படியே, கை எங்கே பட்டது, நீ என்ன சொன்னாய், பக்கத்தில் யார் இருந்தார்கள், முதலில் யாரிடம் சொன்னாய். காரிமங்கலம் தாண்டி பெட்ரோல் பங்க் பக்கத்தில் என்று எழுதினால் மறுக்க வாய் வராது. தேதி சரியாக ஞாபகம் இல்லையென்றால் ஊகித்துப் போடக் கூடாது. "சம்பளம் போட்ட மறுநாள்" என்று எழுதினால் போதும்.

ஆறு பிரதி கேட்பார்கள், விதியில் இருக்கிறது. சாட்சிகள் பெயர், முகவரியும் சேர்க்க வேண்டும். அந்த இடத்தில்தான் கூட வந்த பெண்கள் நழுவுவார்கள். அவர்களைத் திட்டாதீர்கள், அவர்கள் வீட்டிலும் முன்பணம் வாங்கியிருப்பார்கள்.

ஜூன் 22

போலீஸ் பற்றி. உங்கள் அண்ணி பயப்படுகிறார் என்றீர்கள். கமிட்டி வேறு, போலீஸ் வேறு. ஒன்றுக்குப் போனால் இன்னொன்றுக்குப் போகக் கூடாது என்று எதுவும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். கமிட்டி அவருடைய வேலையில்தான் கை வைக்க முடியும், சிறைக்கு அனுப்ப முடியாது.

இடுப்பில் கை வைத்தது புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 75-ஆம் பிரிவில் வரும், 3 வருடம் வரை கடுங்காவல். ஆபாசப் பேச்சு மட்டும் என்றால் அதே பிரிவில் 1 வருடம் வரை. பலவந்தம் இருந்தால் 74, அதில் குறைந்தபட்சமே 1 வருடம், 5 வருடம் வரை போகும். பழைய இந்திய தண்டனைச் சட்டப் புத்தகம் வைத்திருப்பவர்கள் 354, 354-ஏ என்று தேடுங்கள். 2024 ஜூலை 1-க்கு முன்னால் நடந்தது என்றால் பழைய எண்தான். நம் மாநிலத்துக்கென்று பெண்களைச் சீண்டுவதைத் தடுக்கும் 1998 சட்டம் தனியாக இருக்கிறது. சென்னையில் ஆட்டோவில் வந்த கும்பல் சீண்டி ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு கொண்டுவந்தது. அதில் தண்டனையை இந்த வருடம் இன்னும் கூட்டியிருக்கிறார்கள்.

இந்தப் பிரிவுகளில் வாக்குமூலத்தைப் பெண் போலீசோ வேறு பெண் அதிகாரியோதான் பதிய வேண்டும். எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், "அது கிருஷ்ணகிரி எல்லை, நீங்க பாலக்கோடு" என்று திருப்பி அனுப்பக் கூடாது. சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பப் பார்ப்பார்கள். அது புகார் வாங்கியதற்கான ரசீதுதான், எஃப்.ஐ.ஆர். இல்லை. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 22, இரவு

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஏதோ நாளைக்கே ஸ்டேஷனுக்குப் போங்கள் என்று தள்ளுகிற மாதிரி இருக்கிறது. அப்படியில்லை. அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டீர்களா? சித்தப்பா கேட்கிறார், அண்ணி அழுகிறார், நான் பிரிவு எண் அடுக்குகிறேன், அவள் என்ன நினைக்கிறாள் என்று இந்தப் பக்கத்தில் ஒரு வரி இல்லை. சில பேருக்கு அவன் ஜெயிலுக்குப் போக வேண்டும். சில பேருக்கு அந்த வேனில் இனிமேல் ஏறாமல் இருந்தால் போதும். பெண்கள் உதவி எண் 181-க்கு அவளே போன் செய்து பேசலாம், நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது.

ஜூன் 23

அவளிடம் கேட்டாராம். வேலைக்குப் போக வேண்டும், ஆனால் அந்த ஆள் இருக்கக் கூடாது, கமிட்டிக்கு எழுதித் தருகிறேன், போலீசைப் பிறகு பார்க்கலாம் என்றாளாம். எங்கள் எல்லோரையும்விடத் தெளிவாக இருக்கிறாள்.

அப்படியானால் மனுவிலேயே இதையும் கேட்கச் சொல்லுங்கள். விசாரணை முடிகிறவரை இரண்டு பேரில் ஒருவரை வேறு இடத்துக்கு மாற்றவோ, பெண்ணுக்கு 3 மாதம் வரை தனியாக விடுப்பு தரவோ குழு பரிந்துரைக்கலாம். கேட்டால்தான் கிடைக்கும். சும்மா விட்டால் என்ன செய்வார்கள் தெரியுமா, புகார் கொடுத்த பெண்ணை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, அவரை அதே வேனில் விடுவார்கள். வேனுக்கு வேறு ஆள் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்.

ஜூன் 26

மேஸ்திரி தரப்பிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து, முன்பணத்தைத் தள்ளுபடி செய்துவிடுகிறோம், மேலே பத்தாயிரம் தருகிறோம் என்றாராம். ஊருக்குள்ளே பேசி முடித்துக்கொள்ளலாமாம்.

இதைத்தான் எதிர்பார்த்தேன். மேஸ்திரி என்பவர் வெளியூர்க்காரர் இல்லை. அதே ஊர், பல நேரம் அதே சாதி, மாமன் மச்சான் முறை. நாளைக்குக் கல்யாணத்துக்குப் பந்தல் போடும்போது எதிரில் நிற்பார். ஐ.டி. கம்பெனிப் பெண்ணுக்கு வேலையை விட்டால் அந்த ஆளின் முகம் தெரியாது. இவளுக்கு வேலையை விட்டாலும் தெருமுனையில் அவர்தான்.

சமரசத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் விசாரணை தொடங்குவதற்கு முன்னால், அதுவும் அந்தப் பெண் கேட்டால்தான். பணத்தை வைத்துச் சமரசம் செய்யக் கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். பெரியவர் வந்த தேதி, சொன்ன தொகை இரண்டையும் அதே நோட்டில் எழுதுங்கள். பணத்தைக் கையில் வாங்காதீர்கள்.

ஜூன் 29

இன்றைக்குத் தலைப்பை விட்டு விலகுகிறேன், பிடிக்காதவர்கள் அடுத்த குறிப்புக்குப் போங்கள்.

விசாகா வழக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார். ராஜஸ்தானில் பத்தேரி என்ற கிராமம். பன்வாரி தேவி அங்கே அரசுத் திட்டத்தில் பெண்களுக்காக வேலை செய்தவர். குழந்தைத் திருமணம் ஒன்றைத் தடுக்கப் போனார். அதற்குப் பழிவாங்க 1992 செப்டம்பரில் அவரைக் கூட்டு வல்லுறவு செய்தார்கள். 1995-இல் கீழ்க்கோர்ட்டு குற்றவாளிகளை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. விசாகா முதலிய பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போய், 1997 ஆகஸ்ட் 13-இல் வழிகாட்டு நெறிகள் வந்தன. அது சட்டமாக மாற இன்னும் 16 வருடம். அரசு வேலையாய்ப் போன இடத்தில் ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு நடந்ததில் பிறந்தது இந்தச் சட்டம். அதைத்தான் "ஐ.டி. கம்பெனிக்கு மட்டும்" என்கிறார்கள்.

1992 என்று எழுதும்போது எனக்கு வேறொன்று வந்து நிற்கிறது. என் தாய்வீடு அரூர் பக்கம். அதே வருடம் ஜூன் 20-இல் வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்களை வல்லுறவு செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், எல்லோரும் அரசு ஊழியர்கள். 2011-இல் தருமபுரி கோர்ட்டு தீர்ப்புச் சொல்வதற்குள் அதில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அது பணியிட வழக்கு இல்லை, இந்தச் சட்டத்தில் வராது, எனக்குத் தெரியும். ஆனால் "கோர்ட்டுக்குப் போய் என்ன ஆகப்போகுது" என்று அரூர்க்காரர் யாராவது என்னிடம் சொன்னால் நான் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். அந்தப் பெண்களுக்குப் பட்டாவைத் தவிர வேறு தாளில் கைநாட்டு வைத்த பழக்கம்கூட இருந்திருக்காது. அப்படியிருந்தும் கோர்ட்டு வரை போய் நின்றார்கள்.

ஜூலை 1

"பொய்ப் புகார்" அண்ணன்கள் வந்துவிட்டார்கள். வராமல் இருப்பார்களா.

பொய் என்று தெரிந்தே கெட்ட எண்ணத்தோடு கொடுத்தால் நடவடிக்கை உண்டு, 2013 சட்டத்தின் 14-ஆம் பிரிவு. அதே பிரிவில், நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே பொய்ப் புகார் ஆகாது என்றும் இருக்கிறது. கெட்ட எண்ணம் என்று சொல்வதற்கே தனியாக விசாரிக்க வேண்டும். பாதி பிரிவை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு மிச்சப் பாதியை எழுதுவதே எனக்கு வேலையாகிவிட்டது.

எதிராளிக்கும் உரிமை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். புகாரின் பிரதி அவருக்குப் போகும், பதில் சொல்ல 10 வேலை நாள், சாட்சி கொண்டுவரலாம், தீர்ப்புப் பிடிக்காவிட்டால் 90 நாளுக்குள் மேல்முறையீடு. நான் உட்கார்ந்த ஒரு விசாரணையில் ஆண் சொன்னதுதான் சரி என்று எனக்குப் பட்டது, அப்படியே எழுதினேன். அதனால் கமிட்டி வேண்டாம் என்றா ஆகிவிடும்?

ஆணுக்கு நடந்தால் என்ன என்று கேட்டவருக்கு: இந்தச் சட்டம் பெண்களுக்கு மட்டும்தான். அது குறைதான்.

ஜூலை 3

சிரிப்பதா அழுவதா. கம்பெனி புது பதில் கொடுத்திருக்கிறது: எங்களிடம் ரோலில் ஒன்பது பேர்தான், அதனால் எங்களுக்குக் கமிட்டி தேவையில்லை. வாசலில் நிற்கிற வேன்களை எண்ணினாலே ஒன்பதுக்கு மேல் இருக்கும். சீசனில் ஷெட்டுக்குள் நுழைந்தால் ஆள் முகம் தெரியாத அளவுக்குக் கூட்டம், ரிஜிஸ்டரில் மட்டும் ஒன்பது பேர்.

தினக்கூலியும் காண்ட்ராக்ட் ஆளும் எண்ணிக்கையில் சேர்த்திதான். கமிட்டி அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் அதே தவறு என்றால் இரட்டிப்பு, லைசென்ஸ் ரத்து வரை போகலாம்.

சரி, நிஜமாகவே ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தப்ப முடியாது. பத்துப் பேருக்குக் குறைவான இடத்துக்கும், முதலாளி மேலேயே புகார் என்றாலும், மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது. வீட்டு வேலை, தக்காளி மண்டி, ரோஜாத் தோட்டம் எல்லாம் அதற்குக் கீழே வரும். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மாவட்ட அலுவலரை நியமியுங்கள், 2025 ஜனவரி 31-க்குள் இந்தக் குழுக்களை அமையுங்கள் என்று கெடு வைத்து உத்தரவிட்டது. சட்டம் வந்து 11 வருடம் கழித்து!

கலெக்டர் ஆபீசில் சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். திங்கட்கிழமை மனு நாளில் கொடுப்பதும் நல்லதுதான், கம்பெனி சொன்ன ஒன்பது பேர் கணக்கையும் மனுவில் சேர்த்து எழுதுங்கள். சீல் வைத்த ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஜூலை 9

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி மனுவை வாங்க மறுத்ததால் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார்கள், ஒப்புகை அட்டை திரும்ப வந்திருக்கிறது. கலெக்டர் ஆபீசிலும் ஒரு பிரதி கொடுத்தாயிற்று. அடுத்த நாளே கம்பெனியில் அவசரமாக ஒரு கமிட்டி முளைத்திருக்கிறது. வேனுக்கும் வேறு ஆள். தபாலுக்கு இவ்வளவு பலம் இருப்பது எனக்குக்கூட மறந்திருந்தது.

அவசரமாய் முளைத்த கமிட்டியில் வெளியாள் யார் என்று பாருங்கள். முதலாளியின் மைத்துனியை "சமூக சேவகி" என்று போடுவது இங்கே நடக்கிற வழக்கம். அப்படி இருந்தால் விசாரணைக்கு முன்பே எழுத்தில் ஆட்சேபம் சொல்லிவிடுங்கள்.

ஜூலை 12

விசாரணைக்கு வக்கீலைக் கூட்டிப் போகலாமா என்ற கேள்விக்கு: முடியாது, இரண்டு தரப்புக்கும் கூடாது. ஆனால் வீட்டிலேயே தயார்படுத்திக்கொள்ள வக்கீலிடம் பேசலாம். பெண் என்றால் வருமானச் சான்று எதுவும் கேட்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக உதவுவார்கள், 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், முடிந்த 10 நாளில் அறிக்கை, அறிக்கை வந்து 60 நாளில் கம்பெனி நடவடிக்கை. கணக்குப் போட்டால் டிசம்பர் வரை இழுக்கலாம். சீசன் முடிந்ததும் வேனும் கிடையாது. கூப்பிடும்போதெல்லாம் பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி வர வேண்டும், அன்றைக்கு வேறு கூலி வேலையும் போகும். தேதியை முன்கூட்டியே எழுத்தில் தரச் சொல்லுங்கள். போனில் "நாளைக்கு வா" என்றால், நோட்டீஸ் அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிடட்டும். காரணமில்லாமல் தொடர்ந்து மூன்று முறை வராமல் போனால் புகாரை மூடிவிட அவர்களுக்கு வழி இருக்கிறது, அதற்கும் 15 நாள் முன்பு எழுத்தில் எச்சரிக்க வேண்டும். அதனால் வர முடியாத நாளுக்கு ஒரு கடிதம் போட்டுவிடுவது பாதுகாப்பு.

ஜூலை 13

அது எந்தக் கம்பெனி, எந்த ஊர் மேஸ்திரி என்று தனியாகக் கேட்டு எழுதுகிறவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரே பதில்: சொல்ல மாட்டேன். பெயர், முகவரி, விசாரணையில் நடந்தது எதையும் வெளியிடக் கூடாது என்பது 16-ஆம் பிரிவு. குழுவில் இருப்பவரோ விசாரணையைக் கையாள்பவரோ வெளியே விட்டால் 5,000 ரூபாய் அபராதம். நான் அந்தக் குழுவில் இல்லை. இருந்தாலும் பாலக்கோட்டில் ஊகிக்கிற வேலையை உங்களுக்குச் சுலபமாக்கித் தர எனக்கு இஷ்டமில்லை. மேலே கேள்வி கேட்டவரும் அவள் எந்தத் தெரு, எந்த வேன் நிறம் என்று எழுதியிருந்ததை நேற்று எடுத்துவிட்டார்.

முதல் விசாரணைக்கு நோட்டீஸ் வந்துவிட்டதாம். அன்றைக்குக் கூட வர ஒரு பெண்ணைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறாள், அந்தப் பெண் இன்னும் சரி என்று சொல்லவில்லை.